அந்த 20 நிமிடங்களில் அம்மாவின் மூளையில் என்ன நடந்தது?

கேள்வி: மூளையில் ஏற்பட்ட பெரும் இரத்தக்கசிவால் என் அம்மா 11 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார். இனி மீள வழியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, குடும்பத்தார் கூடிப் பேசி வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதித்தோம். எடுத்ததிலிருந்து இதயம் நிற்க 20 நிமிடங்கள் ஆயின. அவ்வளவு நேரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு முறை அவர் விரல்கள் என் விரலை இறுக்கியதுபோல் இருந்தது. சாகும் மூளையில் மின்னலைகள் பொங்கி எழுகின்றன என்று சில வாரங்களுக்குப் பின் படித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்ததா? நான் பேசியது கேட்டதா? வலித்ததா? அண்ணனோ, "செத்தவன் எவனாவது திரும்பி வந்து சொன்னானா? இதையெல்லாம் விஞ்ஞானம் ஆராயவே முடியாது, விடு" என்கிறார். இன்னொன்றும் உறுத்துகிறது. அம்மாவின் தலையில் ஒட்டியிருந்த, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. ஒயர்களைக் கடைசிவரை விட்டுவைக்கலாமா, ஆராய்ச்சிக்குப் பயன்படும் என்று ஓர் இளம் மருத்துவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அது தவறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கேள்விகளுக்கு விடை சொல்லும் முன் உங்கள் அண்ணன் கேட்டதை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரியாமல் மற்றவற்றுக்குள் போக முடியாது.

அவர் கேட்டது பழைய கேள்வி, அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடியதும் அல்ல. ஆனால் அதில் இரண்டு வேறு சங்கதிகள் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. இறந்துவிட்ட நிலை ஒன்று, இறந்துகொண்டிருக்கும் நேரம் மற்றொன்று. முன்னதைப் பற்றி ஒரு நரம்பியல் மருத்துவனாக எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. பின்னது உடலில், உயிரணுக்களில், குறிப்பிட்ட வரிசையில் நடக்கும் ஒரு நிகழ்வு. அதற்குத் தொடக்கம் உண்டு, கால அளவு உண்டு, அளக்கும் கருவிகளும் உண்டு. நம் பேச்சுவழக்கே இதை அறிந்து வைத்திருக்கிறது. நினைவு தப்பியது, நாடி விழுந்தது, மூச்சு அடங்கியது, உயிர் பிரிந்தது என்று நாம் தனித்தனியாகச் சொல்கிறோம். படுக்கையருகே நின்று பார்த்தவர்களுக்கு இவை ஒரே நொடியில் நடப்பதில்லை என்பது தெரியும்.

வென்டிலேட்டர் வந்த பிறகு இந்த இடைவெளி மருத்துவர்களின் கண்முன்னால் விரிந்தது. 1959இல் பிரான்சைச் சேர்ந்த மோலாரே, கூலோன் என்ற இரு மருத்துவர்கள், இயந்திரத்தின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருக்க, மூளை முற்றிலும் செயலற்றுப்போன நோயாளிகளை விவரித்தார்கள். 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்த நிலைக்கு அளவுகோல்களை வகுத்தது. இன்று நாம் மூளைச்சாவு என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இதயம் நிற்பதைக்கூட இப்போது நொடிக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். கனடா, செக் குடியரசு, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் உயிர்காக்கும் சிகிச்சை விலக்கப்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. முழுமையான பதிவு கிடைத்த 480 பேரில் 67 பேருக்கு, நாடித்துடிப்பு நின்றபின் இதயம் மீண்டும் சிறிது துடித்திருந்தது. அப்படி நின்று மீண்டதில் மிக நீண்ட இடைவெளி 4 நிமிடம் 20 நொடி. அவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆயினும் இதயம் நின்ற பிறகு எத்தனை நிமிடம் காத்திருந்து மரணத்தை உறுதிசெய்வது என்ற கேள்விக்கு, வெறும் வழக்கத்தின் இடத்தில் ஓர் அளவு கிடைத்தது. செத்தவர் திரும்பி வந்து சொல்லாமலே தெரிந்துகொண்டதுதான் இது.

இனி மூளைக்கு வருகிறேன். மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான், ஆனால் சும்மா படுத்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. இத்தனை செலவாளிக்குச் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. இரத்தம் நொடிதோறும் கொண்டுவந்து கொடுப்பதை வைத்தே பிழைப்பு. ஆகவே இரத்த ஓட்டம் சட்டென்று நின்றால் 20 நொடிக்குள் நினைவு தப்பிவிடும். 1943இல் அமெரிக்காவில், இளைஞர்களின் கழுத்தில் பட்டை கட்டிக் காற்றடைத்து, மூளைக்குப் போகும் இரத்தத்தைச் சில நொடிகள் நிறுத்திப் பார்த்தார்கள். 5 முதல் 10 நொடிக்குள் அவர்கள் நினைவிழந்தார்கள். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அந்தச் சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. இரத்த ஓட்டம் நின்று அரை நிமிடம் கடந்தால் இ.இ.ஜி. திரையில் அலைகள் அடங்கி நேர்கோடாகிவிடுகின்றன.

அந்த நேர்கோட்டைப் பார்த்து மூளை செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் அநேகம். மருத்துவ மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்தக் கட்டத்தில் நரம்பணுக்கள் பேச்சை நிறுத்தியிருக்கின்றன, அவ்வளவுதான். மிஞ்சியிருக்கும் ஆற்றலைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதை விட்டுவிடுகின்றன. கடையைச் சாத்தியிருக்கிறார்களே தவிர, கடை எரிந்துவிடவில்லை. ஒவ்வொரு நரம்பணுவும் பொட்டாசியத்தை உள்ளேயும் சோடியத்தை வெளியேயும் நிறுத்தி வைத்து, அந்த வேறுபாட்டையே தன் மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அதைக் காப்பாற்ற இடைவிடாமல் ஒரு பம்பு ஓட வேண்டும், பம்பு ஓட ஆற்றல் வேண்டும். ஆற்றல் தீர்ந்ததும் ஓரிடத்தில் அணை உடைகிறது. அங்கிருந்து, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற மெதுவான வேகத்தில், மூளைப் பரப்பெங்கும் ஒரு மின்னிறக்க அலை பரவுகிறது. பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடெஸ் லியோ இத்தகைய அலையை 1944இல் முயலின் மூளையில் கண்டு எழுதினார். மனிதரில், சாகும் நேரத்தில், அதைப் பார்த்து 2018இல் வெளியிட்டவர் பெர்லினைச் சேர்ந்த யென்ஸ் டிரையரும் அவர் குழுவினரும். அவர்கள் ஆராய்ந்தது, மூளையில் பலத்த சேதம் அடைந்து, சிகிச்சைக்காகவே மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 9 நோயாளிகளை. அந்த நோயாளிகள் எல்லோருக்குமே, மீட்பு முயற்சி வேண்டாம் என்று முன்பே முடிவாகியிருந்தது.

இந்த ஆய்வைப் பற்றி யாரும் பரபரப்பாகப் பேசுவதில்லை. என் பார்வையில் இந்தத் துறையில் மிக உறுதியாக நிற்பது இதுதான். மின்னிறக்க அலை வந்த மாத்திரத்திலும் அணுக்கள் சாவதில்லை. அப்போது இரத்தம் திரும்பினால் அவை மீளக்கூடும். தாமதித்தால், நச்சு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, திரும்ப முடியாத இடத்தைத் தாண்டிவிடுகின்றன. அந்த எல்லைக்கோடு எங்கே என்பது பக்கவாத நோயாளிகளைக் காப்பாற்றவும் பயன்படும் அறிவு. 2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நெனாட் செஸ்டானின் குழு, கொல்லப்பட்டு 4 மணி நேரமான பன்றிகளின் மூளைகளை எடுத்து, சிறப்புத் திரவம் ஒன்றைச் செலுத்தி, அணுக்களின் சில செயல்களை மீண்டும் நடக்க வைத்தது. நினைவுக்கு அடையாளமான ஒருங்கிணைந்த மின்னலை எதுவும் எழவில்லை. அப்படி எழுந்துவிடாமல் தடுக்கும் மருந்துகளையும் திரவத்தில் சேர்த்தே வைத்திருந்தார்கள். அணு உயிரோடு இருப்பதும் ஆள் நினைவோடு இருப்பதும் வேறு வேறு என்பதை இந்தச் சோதனை தெளிவாகக் காட்டியது.

நீங்கள் படித்தது காமா அலைகளைப் பற்றிய செய்தியாக இருக்க வேண்டும். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான் என்பதால் அதை நிதானமாகச் சொல்கிறேன்.

மூளையின் அலைகளில் நொடிக்கு ஏறத்தாழ 30 முறைக்கு மேல் துடிக்கும் வேகமானவற்றைக் காமா என்கிறோம். விழித்திருந்து கூர்ந்து கவனிக்கும்போதும் நினைவுகூரும்போதும் இவை பெருகுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜிமோ போர்ஜிகின், 9 எலிகளின் இதயத்தை நிறுத்தி மூளையைப் பதிவுசெய்தார். முதல் அரை நிமிடத்தில் காமா அலைகள் விழிப்பு நிலையைவிட வலுவாக எழுந்தன. 2022இல், விழுந்ததால் தலைக்குள் இரத்தம் கட்டி, வலிப்பும் வந்த 87 வயது நோயாளி ஒருவர், இ.இ.ஜி. எடுத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனதன் பதிவு வெளியானது. இதயம் நிற்பதற்கு முன்னும் பின்னுமான 30 நொடிகளில் காமா அலைகளின் பங்கு மாறியிருந்தது. வாழ்க்கை முழுதும் கண்முன் ஓடியது என்று உலகம் முழுவதும் தலைப்புச் செய்தி போட்டார்கள். ஒரே ஒரு நோயாளி, அதுவும் காயம்பட்ட, வலிப்பு வந்த, வலிப்பு மருந்து ஏற்றப்பட்ட மூளை. அவர் நலமாக இருந்தபோது எடுத்த பதிவும் கிடையாது. அந்தப் பதிவிலிருந்து வாழ்க்கைப் படம் ஓடியதைக் கண்டுபிடிப்பது, மூடிய வீட்டின் மின்மீட்டர் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்து உள்ளே கல்யாணம் நடக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

2023இல் போர்ஜிகின் குழு வெளியிட்டதுதான் உங்கள் அம்மாவின் நிலைக்கு ஓரளவு அருகில் வருவது. கோமாவில் இருந்து, வென்டிலேட்டர் விலக்கப்பட்டு இறந்த 4 நோயாளிகளின் பதிவுகள் அவை. 2 பேருக்கு, ஆக்சிஜன் குறையக் குறைய, காமா அலைகள் பொங்கின. பார்வை, கேட்டல், தொடு உணர்வு ஆகியவை வந்து கூடும் மூளையின் பின்பகுதிச் சந்திப்பில் அவை மிகுந்திருந்தன. கனவோடும் பிரக்ஞையோடும் அந்தப் பகுதியைச் சில ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துவதால் இது கவனிக்க வேண்டிய செய்திதான். மற்ற 2 பேருக்கு அப்படி எதுவும் எழவில்லை. பொங்கிய இருவருக்குமே வலிப்பு வந்த வரலாறு இருந்தது. கடைசி ஒரு மணி நேரத்தில் வலிப்பு இல்லை என்றாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. காமா அலை பிரக்ஞைக்கு வழங்கப்படும் சான்றிதழும் அல்ல. ஆழ்ந்த தூக்கத்திலும் மயக்க மருந்தின் பிடியிலும் வலிப்பின்போதும்கூட அது எழும்.

இங்கே என் தொழிலில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில், ஓர் இரவு, அலைகள் முற்றிலும் அடங்கிவிட்டதாக எதிர்பார்த்த நோயாளியின் இ.இ.ஜி.யில் அழகான, சீரான சிறு அலை ஒன்று ஓடக் கண்டேன். நெஞ்சு படபடக்க மூத்த டெக்னீஷியனை அழைத்தேன். அவர் திரையை ஒரு முறை பார்த்தார், கட்டிலருகே போனார், டிரிப் குழாயின் திருகை இரண்டு விரலால் மூடினார். அலை நின்றுவிட்டது. சொட்டுச் சொட்டாக விழுந்த மருந்துதான் எனக்கு மூளையாகத் தெரிந்திருக்கிறது. தலைத்தோலில் பதியும் மின்னழுத்தம் வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். கட்டிலின் மோட்டார், பக்கத்து பம்பு, கன்னத்துத் தசை ஒன்றின் துடிப்பு, எது வேண்டுமானாலும் அதை மூழ்கடிக்கும். காமாவுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் தசையின் மின்துடிப்பும் அதே வேகத்தில்தான் இருக்கும். 2007இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முழு விழிப்பில் இருந்தவர்களுக்கு, உடலின் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கும் மருந்தை ஏற்றி இ.இ.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். நொடிக்கு 20 முறைக்கு மேல் துடித்த அலைகளில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. மூச்சுக்குப் போராடும் உடலில் கழுத்தும் தாடையும் எப்படி வேலை செய்யும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி, திரும்பி வந்து சொன்னவர்கள். சரியாகச் சொன்னால் அவர்கள் செத்தவர்கள் அல்லர், இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள். நெதர்லாந்தின் 10 மருத்துவமனைகளில் அப்படி மீண்ட 344 பேரிடம் பிம் வான் லோமலின் குழு விசாரித்து 2001இல் வெளியிட்டது; 62 பேர் ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். ஒளி, சுரங்கம் போன்ற பாதை, ஆழ்ந்த அமைதி, மேலிருந்து தன் உடலைப் பார்த்தல் என்று உலகெங்கும் கேட்கும் விவரணைதான். இவர்கள் பொய் சொல்லவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அனுபவம் எப்போது உண்டானது? இதயம் நிற்பதற்கு முந்திய நொடிகளிலா, நின்றிருந்தபோதா, இரத்தம் திரும்பி மூளை தட்டுத்தடுமாறி விழித்தபோதா? அலார ஓசை ஒரு நீண்ட கனவின் கடைசிக் காட்சியாக வந்து பொருந்துவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். நடந்த நேரத்தையும் நடந்ததாக நினைக்கும் நேரத்தையும் மூளை எளிதில் இடம் மாற்றிவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்க சாம் பார்னியா என்ற மருத்துவர் எளிய உபாயம் ஒன்று செய்தார். மருத்துவமனை அறைகளில் கூரையருகே பலகைகள் அடித்து, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் படங்களை அவற்றின்மேல் வைத்தார். 2014இல் முடிவு வந்தது. 2060 பேருக்கு இதயம் நின்ற நிகழ்வுகளில் 140 பேரிடம்தான் பேச முடிந்தது. நடந்ததைப் பார்த்துக் கேட்டதாக ஓரளவு சரியாகச் சொன்னவர் ஒருவர். அவர் கிடந்த அறையிலோ பலகையே இல்லை. 2023இல் வெளியான அடுத்த ஆய்வில், மீட்பு முயற்சி நடக்கும்போதே தலையில் இ.இ.ஜி. மாட்டி, திரையில் படமும் காதில் ஒலியும் கொடுத்தார்கள். 567 பேரில் 53 பேர் பிழைத்தார்கள், 28 பேரிடம் பேச முடிந்தது, 11 பேருக்கு ஏதோ நினைவு இருந்தது. படத்தை ஒருவரும் சொல்லவில்லை, ஒலியை ஒருவர் சொன்னார். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது சிலரின் மூளையில், 35 நிமிடத்துக்குப் பிறகும் ஒரு மணி நேரம் வரையிலும், இயல்புக்கு நெருங்கிய அலைகள் அவ்வப்போது தெரிந்தன. இது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அங்கே நெஞ்சை அழுத்தும் கைகள் மூளைக்குக் கொஞ்சம் இரத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. உங்கள் அம்மாவுக்கு அது செய்யப்படவில்லை. ஆகவே அந்த ஆய்வை அவர்மேல் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சுரங்கமும் உடலை விட்டு வெளியேறும் உணர்வும் சாவுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போர்விமான ஓட்டிகளைச் சுழல் இயந்திரத்தில் வைத்து மூளைக்கு இரத்தம் குறையச் செய்தால் முதலில் பார்வை ஓரங்களிலிருந்து இருண்டு சுருங்கும். 2002இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையில் வலப்பக்க மடிப்பு ஒன்றை மின்சாரத்தால் தூண்டியபோது, அவர் தன் உடலை மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். அனுபவத்துக்கு மூளையில் இடம் இருக்கிறது என்பதால் அனுபவம் பொய் என்று ஆகாது. அதற்கு மூளைக்கு வெளியே விளக்கம் தேட வேண்டிய அவசியம் குறைகிறது. மறுபக்கம், 1907இல் டங்கன் மக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர் சாகும் 6 நோயாளிகளைக் கட்டிலோடு எடைபோட்டு உயிரின் எடையைக் கண்டுவிட்டதாக அறிவித்தாரே, அதுவும் கருவி வைத்துச் செய்த அளவீடுதான். அளந்தது ஒன்று, சொன்னது வேறொன்று. உங்கள் அண்ணன் விஞ்ஞானத்தின்மேல் அவநம்பிக்கை கொள்ள இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆக, அவருக்கு என் விடை: சாகும் மூளையை ஆராய முடியும், ஆராய்கிறார்கள், உறுதியாகச் சில செய்திகள் தெரிந்தும் இருக்கின்றன. அலை எப்போது எழுந்தது, எங்கே எழுந்தது, எப்போது அடங்கியது என்று சொல்ல முடியும். அந்த அலையோடு ஓர் அனுபவம் இருந்ததா என்பதை அலையை வைத்து மட்டும் சொல்ல முடியாது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. இந்தத் தடை சாவுக்கு மட்டும் உள்ளதல்ல. பேச்சில்லாத குழந்தையிடமும் கோமா நோயாளியிடமும் நாங்கள் இதே சுவரில்தான் முட்டுகிறோம், அந்தச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல் பெயர்த்துக்கொண்டும் இருக்கிறோம்.

இனி உங்கள் அம்மா. நான் அவரைப் பரிசோதிக்கவில்லை, சிகிச்சைக் குறிப்புகளையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன். மூளையில் பெரும் இரத்தக்கசிவு, 11 நாள் ஆழ்ந்த கோமா. அவருக்குச் சாவு ஆரோக்கியமான மூளையிலிருந்து தொடங்கவில்லை. விழிப்பைத் தாங்கி நிற்கும் பகுதிகள் அதற்கு வெகு முன்பே பாதிக்கப்பட்டிருந்தன. வென்டிலேட்டரை எடுத்த பிறகு ஆக்சிஜன் மெல்லக் குறையும், கரியமில வாயு இரத்தத்தில் கூடும். மிகுந்துபோன கரியமில வாயுவே ஆளை மயக்கத்தில் ஆழ்த்தக்கூடியது. மூச்சு இழுத்து இழுத்து வந்திருக்கும், இடையில் நின்று மீண்டும் வந்திருக்கும், தொண்டையில் கோழை கரகரத்திருக்கும். பார்ப்பவருக்கு அது தவிப்பாகத் தெரியும். ஆனால் அந்த மூச்சை நடத்துவது மூளைத்தண்டின் அடிப்பகுதி, அதற்கு வேதனை என்ற உணர்வு தேவையில்லை. ஆழ்ந்த கோமாவில் இருந்தவர் அந்த 20 நிமிடங்களில் வலியை உணர்ந்திருப்பார் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கேட்டதா என்ற கேள்விக்கு அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. 2020இல் கனடாவின் வான்கூவரில், இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்தவர்களை ஆய்வுசெய்து வெளியிட்டார்கள். எந்த அசைவும் இல்லாமல் கிடந்த சிலரின் மூளை, ஒலிகளின் வரிசை மாறியபோது, நலமாக உள்ளவர்களின் மூளையைப் போலவே அந்த மாற்றத்தைக் கண்டுகொண்டது. ஒலி மூளையை எட்டுகிறது என்பதற்கு அது சான்று. சொல் புரிந்தது என்பதற்கு அல்ல. உங்கள் அம்மாவுக்கு இருந்தது போன்ற மூளைச் சேதம் அவர்களுக்கு இருக்கவும் இல்லை. ஆகவே கேட்டிருக்கும் என்று உங்களைத் தேற்றவும் மாட்டேன், கேட்டிருக்கவே முடியாது என்று அறுதியிடவும் மாட்டேன்.

விரல் இறுகியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்தால் அது கப்பென்று பிடித்துக்கொள்ளும். வளர வளர மூளையின் முன்பகுதி அந்த அனிச்சைச் செயலை அடக்கி வைக்கிறது. அந்தப் பகுதி பழுதானால் முதியவரின் கையிலும் அது திரும்பி வரும். தண்டுவடத்திலிருந்து மட்டும் எழும் அசைவுகளும் உண்டு. அம்மாவின் விரல் இறுகியதற்கு மிகவும் பொருந்திவரும் விளக்கம் இதுதான் என்று ஒரு மருத்துவனாக நான் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் விரல் அங்கே இருந்தது என்பதும் உண்மைதான்.

ஒயர்களை எடுக்கச் சொன்னது தவறே இல்லை. மறுக்க முடியாத சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயர் கிடையாது. கேட்ட இளம் மருத்துவரும் அதை அறிந்துதான் தயங்கியிருப்பார். நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தாலும், தலைக்குள் இரத்தம் கட்டிய ஒருவரின் தலைத்தோலிலிருந்து எடுத்த ஒரே ஒரு பதிவு, பல நோயாளிகளின் பதிவுகளோடு சேர்ந்தால்தான் பொருள்படும். அம்மாவுக்குத் தெரிந்ததா என்ற உங்கள் கேள்விக்கு அது விடை சொல்லியிருக்காது.

விடைக்குக் கொஞ்சம் அருகில் கொண்டுபோகக் கூடிய இரண்டு காகிதங்கள் ஏற்கெனவே அந்த மருத்துவமனையில் இருக்கும். சிகிச்சை அளித்த மருத்துவரிடம் நேரம் கேட்டுப் போய், அவற்றை உங்களோடு உட்கார்ந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று, கடைசி ஒரு மணி நேரத்துக்கான செவிலியர் குறிப்பு. வென்டிலேட்டரை எடுக்கும் முன்னும் பின்னும் வலிநிவாரணியும் மயக்க மருந்தும் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டன, மூச்சின் வேகம் என்னவாக இருந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். வலித்ததா என்ற கேள்வியை எந்தக் காமா ஆய்வையும்விட அந்தத் தாளிடம் கேட்பது பயன் தரும். மற்றொன்று, அந்த 11 நாட்களில் எடுத்த இ.இ.ஜி.யின் அறிக்கை. கையைத் தட்டியபோதும் பெயர் சொல்லி அழைத்தபோதும் நகத்தை அழுத்தியபோதும் அலைகளில் மாற்றம் தெரிந்ததா என்று அதில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த வரியை மட்டும் கேளுங்கள். அதில் என்ன எழுதியிருந்தாலும், உங்களுக்கு விருப்பமிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.